கொள்ளைக்கார ஈ: படத்தைப் பார்த்து இனம் சொல்ல முடியுமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் காய்ந்த முருங்கைக் குச்சியின் நுனியில், தேனீ ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஈயைப் படமெடுத்தேன். அது கொள்ளைக்கார ஈ என்று நண்பர் சொன்னார். ஆனால் இரண்டு செயலிகள் இரண்டு வெவ்வேறு இனப்பெயர்களைக் காட்டுகின்றன. முன்னிருந்தும் பக்கவாட்டிலும் மேலிருந்தும் எடுத்த மூன்று படங்களை அனுப்பியுள்ளேன். எந்தப் பெயர் சரி?
– வாசகர், தேனி

பதில்: நண்பர் சொன்னது சரிதான். முன்னிருந்து எடுத்த படத்தில், இரு பெரிய கண்களுக்கும் நடுவே உச்சந்தலை பள்ளமாக இறங்கியிருப்பதும், முகத்தில் தாடிபோல முரட்டு மயிர்கள் அடர்ந்திருப்பதும் தெளிவாகத் தெரிகின்றன. இவற்றோடு முள்மயிர்கள் நிறைந்த தடித்த கால்களையும் சேர்த்துப் பார்த்தால், இது கொள்ளைக்கார ஈக்களின் குடும்பமான அசிலிடேயைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை.

அடுத்த படியான பேரினத்தைச் சொல்ல உதவுவது உங்கள் பக்கவாட்டுப் படம். அதில் ஓர் இறக்கை சற்று விலகியிருப்பதால் நரம்புகளைப் பின்தொடர்ந்து பார்க்க முடிகிறது. இறக்கையின் முன்னோரத்தை ஒட்டி, நுனிப் பகுதியில், துணை ஓர அறைகள் (நரம்புகளுக்கு இடையே அமைந்த கட்டங்கள்) மூன்று இருக்கின்றன. தோற்றத்தில் இதை ஒத்த பல ஈக்களுக்கு அங்கே இரண்டு அறைகளே இருக்கும். ஆகவே இது ப்ரோமேக்கஸ் என்ற பேரினம் என்று சொல்லலாம்.

அதற்குமேல் இந்தப் படங்களைக்கொண்டு செல்ல இயலாது என்பதே என் கருத்து. உலகில் ஏறத்தாழ 7,500 கொள்ளைக்கார ஈ இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பலவற்றைப் பிரித்தறிய, ஆண் ஈயின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்புகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மேலிருந்து எடுத்த படத்திலோ மடிந்த இறக்கைகள் அந்த நுனியை முழுவதும் மறைத்துவிட்டன. செயலிகள் உருவ ஒற்றுமையைக்கொண்டு பெயர் சொல்பவை. நுனியே தெரியாத படத்தில் அவை காட்டும் இனப்பெயரை ஊகமாக மட்டுமே கொள்ள வேண்டும். உங்கள் பதிவில் ப்ரோமேக்கஸ் என்ற பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவறான இனப்பெயர் ஒருமுறை பதிவேறிவிட்டால், பின்னால் வருபவர்கள் தங்கள் படங்களை அதனோடு ஒப்பிட்டு அதே பிழையைத் தொடர்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எல்லா இனங்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட அசிலஸ் கிராப்ரோனிஃபார்மிஸ் என்ற கொள்ளைக்கார ஈ, வயிற்றின் முன்பகுதி கறுப்பும் பின்பகுதி பளிச்சென்ற மஞ்சளுமாக இருப்பதால், பிரிட்டனில் ஒரே படத்தைக்கொண்டு அடையாளம் காணப்படுகிறது.

அடுத்த முறை எடுக்கும்போது, வயிற்று நுனியைப் பக்கவாட்டில் நெருக்கமாக ஒரு படமும், உணர்கொம்பு தெளிவாகத் தெரியுமாறு ஒரு படமும் சேர்த்து எடுங்கள். உணர்கொம்பின் நுனி இழையில் சீப்புப் பற்கள்போல மயிர்கள் வரிசையாக இருந்தால், அந்த ஈ ஒமேஷியஸ் என்ற பேரினம் போன்ற வேறொரு கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கும். இரையைப் பிடித்த ஈ, உமிழ்நீரைச் செலுத்தி அதன் உள்ளுறுப்புகளைக் கரைத்து உறிஞ்சி முடிக்கும்வரை பெரும்பாலும் ஓரிடத்திலேயே இருப்பதால், பொறுமையாக நெருங்குவதற்கு அதுவே தக்க சமயம். பறந்துவிட்டாலும் அங்கேயே காத்திருங்கள். பல இனங்கள் அதே குச்சிக்குத் திரும்பி வரும். இரையையும் படத்தில் சேர்த்து, உடல் நீளம், தேதி, இடம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டைப் போலவே இருந்த ஒரு பூச்சியைக் கொள்ளைக்கார ஈ என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, பாலக்காடு

பதில்: நம்பலாம், ஆனால் சரிபார்க்க வேண்டும். தச்சுத் தேனீ என்றும் சொல்லப்படும் அந்தக் கருவண்டைப் போலவே தோற்றமளிக்கும் ஹைபரேகியா என்ற கொள்ளைக்கார ஈப் பேரினம் இந்தியாவிலும் உண்டு. தேனீக்கு இறக்கைகள் இரண்டு இணை. ஈக்கு ஓர் இணை மட்டுமே. தேனீயின் முன், பின் இறக்கைகள் ஒன்றோடொன்று கொக்கியால் இணைந்திருப்பதால் படத்தில் அவற்றை எண்ணுவது எளிதன்று. அதனால் முகத்தைப் பாருங்கள். கண்களுக்கிடையே பள்ளமும் அதன் கீழே தாடியும் தடித்த நேரான ஊசிவாயும் இருந்தால், அது ஈயேதான்.