எகெஸ்டா கல்வெட்டு: எந்த ஆண்டை எழுதுவது?

முதுகலை வரலாறு படிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: "பண்டைய ஏதென்ஸின் கூட்டணிகளைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். சிசிலித் தீவின் எகெஸ்டா நகரத்துடன் ஏதென்ஸ் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு ஒரு நூலில் கி.மு. 458 என்றும் இன்னொன்றில் கி.மு. 418 என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே கல்வெட்டைத்தான் ஆதாரமாகக் காட்டுகின்றன. நான் எதை எழுதட்டும்?"

418/417 என்று எழுதுங்கள். ஏதென்ஸின் ஆண்டு ஒரு கோடையில் தொடங்கி அடுத்த கோடையில் முடிவதால் இப்படி இரண்டு எண்ணாகக் குறிப்பதுதான் வழக்கம். ஆனால் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இந்த 40 ஆண்டு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், நீங்கள் எடுத்தாளப்போகும் மற்றக் கல்வெட்டுகளையும் சரியாகக் கையாள முடியும்.

ஏதென்ஸில் ஆண்டுக்கு எண் கிடையாது. அந்த ஆண்டின் ஆர்க்கான் என்ற அதிகாரியின் பெயரே ஆண்டின் பெயர். எகெஸ்டா கல் மிகவும் தேய்ந்துபோனது. ஆர்க்கான் பெயரில் ஐயமின்றித் தெரிந்தவை கடைசி இரண்டு எழுத்துகள் மட்டுமே. 'ஓன்' என்று முடிகிறது. 458/457-இன் ஆர்க்கான் ஹாப்ரோன், 418/417-இன் ஆர்க்கான் ஆன்டிஃபோன். இரண்டு பெயருமே பொருந்தும்.

அப்புறம் எழுத்தமைதியைப் பார்த்தார்கள். இந்தக் கல்லில் சிக்மா என்ற கிரேக்க 'ஸ்' எழுத்து மூன்று கோடுகளால் ஆனது. ஏதென்ஸின் அரசுச் சாசனங்களில் கி.மு. 446 வாக்கிலேயே அந்த வடிவம் மறைந்து நான்கு கோட்டு சிக்மா நிலைத்துவிட்டது என்பது அன்றைய விதி. அதனால் பலர் ஹாப்ரோனைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த விதியே தவறு என்று வரலாற்றறிஞர் ஹெரால்டு மாட்டிங்லி 1960-களிலிருந்து வாதாடினார். நெடுங்காலம் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1990-இல் மூவர் குழு ஒன்று லேசர் ஒளியைக் கல்லுக்குள் செலுத்திப் படமெடுத்து, ஆன்டிஃபோன் என்றே படித்தது. அதற்கும் எதிர்ப்பு வந்தது. இன்று பெரும்பாலான அறிஞர்கள் 418/417-ஐ ஏற்கிறார்கள். என் கருத்தும் அதுவே.

தேதி மாறினால் வரலாறே மாறுகிறது. 458 என்றால், ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனேசியப் போருக்கு ஒரு தலைமுறை முன்பே ஏதென்ஸ் மேற்கே சிசிலி வரை கை நீட்டியது என்று பொருள். 418/417 என்றால், கி.மு. 415-இல் எகெஸ்டாவின் வேண்டுகோளை ஏற்று ஏதென்ஸ் சிசிலி மேல் நடத்திய பெரும் படையெடுப்புக்குச் சற்று முன்னால் நடந்த ஏற்பாடு. உங்கள் ஆய்வேட்டின் ஒரு முழு இயலே இதில் அடங்கியிருக்கிறது.

இதனால்தான் எந்தக் கல்வெட்டையும் மொழிபெயர்ப்பில் மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்ட வேண்டாம் என்கிறேன். கிரேக்க மூலப் பதிப்பைத் திறந்து பாருங்கள். கிரேக்கம் தெரியாவிட்டாலும் அடைப்புக்குறிகள் தெரியும். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது கல்லில் இல்லை, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. எழுத்தின் கீழே புள்ளி இருந்தால் அந்த எழுத்து ஐயத்துக்குரியது. உங்கள் வாதம் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்லை நம்பி நின்றால், அது கல்லை நம்பி நிற்கவில்லை.

தென் இத்தாலியின் ரெகியோன், சிசிலியின் லியொன்டினி நகரங்களுடன் ஏதென்ஸ் செய்த உடன்படிக்கைகளில் வேறொரு சிக்கல். இரண்டிலும் முன்னுரை வரிகளைச் செதுக்கி அழித்துவிட்டு, 433/432-இன் அதிகாரிகள் பெயரைப் புதிதாக வெட்டியிருக்கிறார்கள். ஆக அது புதுப்பித்த ஆண்டு. கூட்டணி பிறந்த ஆண்டு அதற்கு முந்தையது.

சரி, தேதியும் வாசகமும் உறுதியாகிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கல் சொல்வது சபை தீர்மானித்ததையும் இரு தரப்பும் செய்ய ஒப்புக்கொண்ட சத்தியத்தையும்தான். கி.மு. 420-இல் ஏதென்ஸ், ஆர்கோஸ், மான்டினியா, எலிஸ் ஆகிய நான்கு கிரேக்க நகர அரசுகளும் 100 ஆண்டுகளுக்குக் கூட்டணி செய்துகொண்டன. அதன் முழு வாசகத்தையும் அக்கால ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் தன் வரலாற்றில் எழுதிவைத்தார். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றிலும் மற்ற நகரங்களிலும் கற்களை நாட்ட வேண்டும், ஒலிம்பியாவில் எல்லோரும் சேர்ந்து ஒரு வெண்கலத் தூணை நிறுத்த வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. ஏதென்ஸ் கல்லின் ஒரு துண்டு 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. சிறு சிறு சொல் வேறுபாடுகளைத் தவிர இரண்டும் ஒத்துப்போகின்றன. துசிடிடீஸ் மேல் எனக்கு உள்ள மதிப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த 100 ஆண்டு என்ன ஆயிற்று? 418-இல் மான்டினியாப் போரில் ஸ்பார்ட்டா வென்றது. அந்தக் குளிர்காலத்திலேயே ஆர்கோஸ் ஸ்பார்ட்டாவுடன் 50 ஆண்டுக் கூட்டணி செய்துகொண்டது. கல்லை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்காது. துசிடிடீஸ் போன்ற ஆசிரியர் எழுதாத கூட்டணிகளுக்கு, 'கூட்டணி நிலவியது' என்று எழுதாமல் 'கூட்டணிக்குத் தீர்மானம் நிறைவேறியது' என்று எழுதுங்கள்.

நடைமுறைக்கு: ஏதென்ஸ் சாசனங்களின் நல்ல ஆங்கில மொழிபெயர்ப்புகள் அட்டிக் இன்ஸ்கிரிப்ஷன்ஸ் ஆன்லைன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தேதி விவாதங்களையும் அங்கே பார்க்கலாம். எகெஸ்டா கல்வெட்டுக்கு ஐ.ஜி. (இன்ஸ்கிரிப்ஷியோனெஸ் கிரேக்கே) என்ற கிரேக்கக் கல்வெட்டுத் தொகுப்பில் முதல் தொகுதி, மூன்றாம் பதிப்பு, எண் 11 என்று குறிப்பிடுங்கள். அந்த வரிசை எண் பழைய தேதியை ஒட்டிக் கொடுத்தது. எண் சிறியது என்பதால் கல்வெட்டும் காலத்தால் முந்தையது அல்லவா என்று உங்கள் நெறியாளர் கேட்கக்கூடும். அதற்கான விடையை அடிக்குறிப்பிலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.