டிரம்ஸில் தாளத்தை எங்கிருந்து பிடிப்பது?

டிரம்ஸ் வாசிப்பு மொத்தமும் கலந்து ஒரே இரைச்சலாகக் கேட்கிறது, எதை வைத்துத் தாளத்தைப் புரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். குச்சியால் அடிக்கும் ஸ்னேர் என்ற சிறிய டிரம்மை வைத்துத்தான். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மில் தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் போன் ஸ்பீக்கரில் அந்தக் கனத்த ஒலி பாதிகூட வராது. ஸ்னேரின் 'டப்' எதிலும் கேட்கும்.

பெரும்பாலான பாப், ராக் பாட்டுகள் நான்கு நான்காக எண்ணும் கணக்கில் வரும். அதில் ஸ்னேர் விழுவது 2, 4-இல். கிக் 1, 3-இல். இரண்டு உலோகத் தகடுகள் சேர்ந்த ஹை-ஹாட் எண்ணுக்கு இரண்டு வீதம் 8 தட்டு. கிக்கும் ஸ்னேரும் விழும் இடங்களிலும் ஹை-ஹாட் கூடவே ஒலிப்பதால்தான் உங்களுக்கு எல்லாம் கலந்து கேட்கிறது. அதனால் முதலில் ஸ்னேருக்கு மட்டும் கை தட்டுங்கள். கை பழகியதும் இடையில் 1, 3 எங்கே என்று தேடுங்கள். புதிய வரி தொடங்கும்போது பெரிய உலோகத் தகடான சிம்பல் ஒன்று 'ஜ்ஷ்' என்று ஒலித்தால், அநேகமாக அதுதான் 1.

அப்புறம் வாயால் சொல்லிப் பாருங்கள். ஓர் எண்ணுக்குள் 'தகதிமி' சரியாகப் பொருந்தினால் அது நான்காகப் பிரிகிறது. 'தகிட' பொருந்தினால் மூன்றாக. மெதுவாக அசைந்தாடும் 6/8 பாட்டுகளில் 'தகிட தகிட' என்று ஆறு எண்ணினால் ஸ்னேர் 4-இல் விழும். குச்சியைக் கையில் எடுக்கும் முன்பே இது வாயில் வந்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

வேகத்தில் ஒரு குழப்பம் வரும். நிமிடத்துக்கு 60 என்றால் நொடிக்கு ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான். ஆனால் அதே வேகத்தில் ஸ்னேரை 2, 4-இல் விட்டுவிட்டு 3-இல் மட்டும் அடித்தால், பாட்டு பாதி வேகத்துக்கு இறங்கியதுபோல இருக்கும். சீராக 'டிக் டிக்' என்று எண்ணிக்கை காட்டும் மெட்ரோனோம் கருவியின் வேகம் மாறியிருக்காது.

வரிகளுக்கு இடையே டிரம்ஸை உருட்டும் ஃபில்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எல்லோரும் மயங்குவது அதில்தான், ஆனால் பாட்டுக்குப் பாட்டு உணர்வு வேறுபடுவது கிக் 1, 3-ஐ விட்டு அரை எண்ணிக்கை முன்னோ பின்னோ நகர்வதில்.

சரி, கொஞ்சம் பிடிபட்டதா? 80-இல் ஓடும் பாட்டுக்கு மெட்ரோனோமை 40-இல் வையுங்கள். அதன் ஒலியை 1, 3 என்று கொள்ளாமல், 2, 4 என்று வைத்து எண்ணிப் பாருங்கள். முதலில் எண்ணிக்கை நழுவி ஓடும். நிலைத்து நின்றால் அடுத்து கிக் பக்கம் போகலாம்.