வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன் மகள் எழுதிய டிரைவரைப் பாருங்கள்

போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பாவுக்கு மளிகைக் கடை. மகள் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. படிப்பு முடிந்ததும் ஏ.ஐ. மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்பியே ஆகவேண்டும் என்று சித்தப்பா நிற்கிறாராம். செலவு 40 லட்சம். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகவேண்டும். “இவளோ நாலு நாளாகச் சாப்பாட்டைக்கூட மறந்து லேப்டாப்போடு கிடக்கிறாள் சார், பயமாக இருக்கிறது” என்றார் அம்மா.

அந்த நாலு நாள் என்ன செய்தாய் என்று மகளிடம் கேட்டேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலுக்குச் சின்னதாக ஒரு டிரைவர், அதாவது ஒரு கருவியை இயக்கும் நிரல், எழுதியிருக்கிறாள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மெஷின் உறைந்துவிடும், பிழைச் செய்திகூட வராது. ஏன் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். அதைக் கேட்டபிறகு எனக்கு ஆறுதல் சொல்லும் வேலை இல்லை.

அப்பாவுக்கு அவர் கடையை வைத்தே விளக்கினேன். கிடங்குக்கு ஒரே சாவி. ஒருவன் உள்ளே இருந்தால் அடுத்தவன் வாசலில் நின்று “முடிந்ததா, முடிந்ததா” என்று கேட்டுக்கொண்டே இருப்பான், வேறு வேலை பார்க்கமாட்டான். இதுதான் ஸ்பின்லாக். சாவியோடு இருப்பவனைப் பாதியில் வேறு வேலைக்கு இழுத்தால், வாசலில் நிற்பவனின் நேரம் முழுக்கப் பாழ். அதனால் லினக்ஸில் ஸ்பின்லாக் எடுக்கும்போதே அந்த சிபியுவில் (செயலியில்) ப்ரீஎம்ப்ஷன், அதாவது ஓடும் வேலையைப் பாதியில் விட்டு வேறு வேலைக்கு மாற்றுவது, நிறுத்தப்படும்.

ஆனால் அதனால் இன்டரப்ட், அதாவது ‘உடனே கவனி’ என்று கருவிகள் சிபியுவுக்கு அனுப்பும் அழைப்பு, நிற்பதில்லை. கிடங்குக்குள் இருப்பவனுக்கே போன் வருகிறது, எடுத்தே ஆகவேண்டும். பேசி முடிக்க அதே சாவி தேவை. போனை வைக்காமல் சாவிக்காகக் காத்திருக்கிறான். சாவியோ அவன் மடியில்! அவள் மெஷின் உறைந்தது இப்படித்தான். பூட்டை எடுக்கும் முன் அந்த சிபியுவில் மட்டும் இன்டரப்டை மூடிவிட்டு, விடும்போது பழைய நிலைக்கே திருப்பவேண்டும். கர்னலில் உள்ள ஸ்பின் லாக் ஐஆர்க்யூ சேவ் என்ற பூட்டும் முறை செய்வது அதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடக் கூடாது, முன்பே வேறொருவர் மூடி வைத்திருக்கலாம். மற்ற சிபியுவில் வரும் இன்டரப்டால் ஆபத்தில்லை, கொஞ்சம் காத்திருக்கும், அவ்வளவுதான்.

இதை யாரும் சொல்லித்தராமல் பிடித்தவளை, ஊர் போகிறது என்று ஏ.ஐ.க்கு அனுப்புவது தவறு. கடனைக் கட்டப்போவது சித்தப்பா இல்லை.

கர்னல், டிரைவர், எம்பெடெட் (கருவிகளுக்குள்ளேயே பதிந்திருக்கும் கணினி) பக்கம் ஆட்கள் தேவை. சிப் நிறுவனங்கள், கார் மின்னணு, நெட்வொர்க் கருவிகள் எல்லாம் இதில்தான் நிற்கின்றன. பெங்களூரு, ஐதராபாத், சென்னையில் இந்த வேலைகள் உண்டு. புதியவர்களுக்கு இடம் குறைவு, நுழைவது கடினம் என்பதையும் மறைக்கவில்லை. அறிவு பழசாகிவிடுமோ என்ற கவலை வேண்டாம். லினக்ஸை ரியல்டைம் ஆக்கும், அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் தரவைக்கும், ப்ரீஎம்ப்ட் ஆர்டி வேலை சுமார் 20 ஆண்டு வெளியே வளர்ந்து, 2024இல் வந்த 6.12 பதிப்பில்தான் மூல கர்னலில் நிலைத்தது. அதில் பெரும்பாலான ஸ்பின்லாக்குகள், காத்திருப்பவன் வாசலில் கேட்டுக்கொண்டே நிற்காமல் தூங்கக்கூடிய பூட்டுகளாகவே மாறிவிடுகின்றன. பழைய விதியின் காரணம் புரிந்தவருக்குத்தான் இந்த மாற்றம் புரியும்.

வழி செலவில்லாதது. அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற குட்டி கர்னலும் அதன் புத்தகமும் இலவசம். வேறொரு கணினியைப் போல நடிக்கும் கியூஎம்யூ என்ற மென்பொருள் இருந்தால் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். அதில் பூட்டு எடுக்கும் பகுதியை வரிவரியாகப் படிக்கட்டும்: இன்டரப்டை எத்தனை அடுக்கு மூடினோம் என்று எண்ணிவைத்து, கடைசி அடுக்கில்தான் திறக்கும். இப்போது அது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த செயலி வடிவமைப்பில் ஓடுகிறது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் அதே வகைதான். அப்புறம் லினக்ஸில் பூட்டுத் தவறுகளைத் தேடும் லாக்டெப்பை இயக்கி, தன் டிரைவரைத் திரும்ப ஓட்டிப் பார்க்கட்டும். இந்தத் தவறை அது முன்கூட்டியே சுட்டிக்காட்டும். இறுதியாண்டு ப்ராஜெக்டும் இதிலேயே இருக்கட்டும்.

கேம்பஸில் வரும் வேலையை மறுக்கச் சொல்லவில்லை. மேற்படிப்பு வேண்டுமானால் கேட் (GATE) தேர்வு எழுதலாம், உதவித்தொகையோடு எம்.டெக். கிடைக்கும். பத்திரத்தை மட்டும் பீரோவிலிருந்து எடுக்காதீர்கள் ஐயா. அம்மா, அவள் ராத்திரி விழித்திருந்தால் திட்டாமல் ஒரு தட்டு சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.