சக்கரமும் சூளையும்: வாசகர் கேள்வி – பதில்

கே: வெளிநாட்டுப் பட்டறை ஒன்றில் இரண்டு மாதம் தங்கி வேலை செய்யப் போகிறேன். வழக்கமான என் கிளேஸ் (பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) செய்முறை அங்கேயும் சரிவருமா?

ப: அப்படியே கலக்காதீர்கள். செய்முறையில் ‘ஃபெல்ட்ஸ்பார் 40’ என்று இருக்கும், அதாவது சூட்டில் உருகும் அந்தக் கனிமத் தூள் 40 பங்கு. அங்கே கிடைப்பது சோடா வகையா, பொட்டாஷ் வகையா என்பதைப் பொறுத்து உருகும் விதமே மாறிவிடும். மண்ணும் வேறு. சூளை ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்கினால் மயிரிழை விரிசல் விழும். குறைவாகச் சுருங்கினால் விளிம்பில் செதில் செதிலாகத் தெறிக்கும். இதுதான் ஆபத்து, சில்லு சாப்பாட்டில் கலந்துவிடும். விரிசல் விழுந்தால் 100 பங்கு கிளேஸுக்கு 5 பங்கு குவார்ட்ஸ் தூள் கூட்டிச் சின்ன வில்லையில் சுட்டுப் பாருங்கள்.

முதல் வாரத்தைச் சோதனைக்கே ஒதுக்குங்கள். அந்த ஊர் மண்ணில் 14 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனத்தில் ஒரு பட்டை தட்டி, ஈரத்திலேயே சரியாக 10 செ.மீ. கோடு கீறுங்கள். சுட்டபின் அது 8.8 செ.மீ. ஆனால் சுருக்கம் 12 சதவீதம். அப்படியானால் 20 செ.மீ. தட்டு வேண்டுமென்றால் 20-ஐ 0.88-ஆல் வகுத்து, 22.7 செ.மீ. அளவுக்கு வனைய வேண்டும். பிறகு பட்டையை எடைபோட்டு, 5 மணி நேரம் கொதிக்கவைத்து, ஒரு நாள் தண்ணீரிலேயே விட்டு, துடைத்து மறுபடி எடைபோடுங்கள். 100 கிராம் 102 ஆனால் பரவாயில்லை. 105 ஆனால் மண் இன்னும் வேகவில்லை. அதில் செய்த பூ ஜாடி கசியும்.

சூளைக்காரரிடம் எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தக் கோன் என்று கேளுங்கள். சூளைக்குள் வைக்கும், வெந்த அளவைச் சாய்ந்து காட்டும் சிறு கூம்புதான் கோன். சூடு எவ்வளவு, எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் கோன் சாய்கிறது. அமெரிக்க ஆர்ட்டன் கோன் எண்ணும் ஜெர்மானிய செகர் கோன் எண்ணும் ஒன்றல்ல, இதில் ஏமாந்தால் சூளைத் தட்டோடு பாண்டம் ஒட்டிக்கொள்ளும்.

கே: வெளியிலிருந்து கலைஞர்கள் வந்துபோவதால் மரபுத் தொழில் கெட்டுவிடாதா?

ப: பல மரபுகள் இடம்பெயர்ந்தவர்களின் கைகளில் உருவானவையே. கொரியாவில் நடந்த 1592–98 போரில் ஜப்பானியப் படைகள் கொரியக் குயவர்களைப் பிடித்துக்கொண்டு போயின. ஜப்பானின் அரிதா ஊரின் பீங்கான் தொழில் அவர்களிடமிருந்துதான் வளர்ந்தது. அதைக் கலைப் பரிமாற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை. விரும்பிப் போனவர்களும் உண்டு. ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் குயவர் ஹமாதா ஷோஜியும் 1920-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸுக்குப் போய், ஜப்பானிய முறையில், சரிவில் அறை அறையாக மேலேறும் ஏறுசூளை கட்டினார்கள்.

கெடுதல் வேறு வழியில் வருகிறது. ஜப்பானின் ஒன்தா கிராமத்தில் மண்ணை இடிப்பது ஓடைநீர். மரத்தண்டின் ஒரு முனையில் குடைந்த தொட்டி நிரம்பியதும் தாழ்ந்து நீரைக் கொட்டும். உடனே மறுமுனை தொப்பென்று மண்கட்டி மேல் விழும். இடித்து முடிய வாரக்கணக்கில் ஆகும். அந்த மண் எவ்வளவோ அவ்வளவுதான் பாண்டம், ஆகவே எந்த வீடும் மற்ற வீட்டை மிஞ்சி ஓட முடியாது. அங்கே விருந்தாளி ஒருவர் நல்லெண்ணத்தில் அரவை இயந்திரம் வாங்கிக் கொடுத்தால், வீடுகளுக்கு நடுவே இருக்கும் சமநிலைதான் முதலில் உடையும். ஒரு குயவர் ஊருக்குப் போகிறவர் எவ்வளவு மண், எவ்வளவு விறகு எடுக்கலாம், அதற்குப் பணம் யாரிடம் தர வேண்டும் என்று வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கே: அங்கே கற்ற முறையில் செய்து விற்கலாமா?

ப: முறையை எடுத்துக்கொள்ளலாம், பெயரைக் கூடாது. ஸ்பெயினிலிருந்து மெக்சிகோ போன தலவேரா என்னும், வெள்ளைக் கிளேஸில் வண்ணம் தீட்டும் பாண்டக் கலையை 2019-ல் இரு நாடுகளின் பாரம்பரியமாகவும் சேர்த்தே யுனெஸ்கோ பட்டியலிட்டது. ஆனாலும் மெக்சிகோவில் பியூப்லாவின் ‘தலவேரா’ சட்டப் பாதுகாப்புள்ள பெயர். உங்கள் பாண்டத்தோடு வைக்கும் சீட்டில், எந்த ஊரில் யாரிடம் கற்றது என்று அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள்.

கே: கண்காட்சிக்குப் பாண்டங்களைக் கொண்டுபோக?

ப: விற்காமல் திருப்பிக் கொண்டுவருவதானால் ஏ.டி.ஏ. கார்னே என்னும் தற்காலிகச் சுங்க ஆவணம் எடுங்கள், ஓராண்டுவரை செல்லும், சுங்க வரி கட்ட வேண்டாம். இரண்டு நாடும் அந்த ஏற்பாட்டில் இருக்க வேண்டும். மரப்பெட்டி என்றால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி, மரத்தில் பூச்சி இல்லை என்று காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை குத்தியதாக இருக்கட்டும். ஒட்டுப்பலகைப் பெட்டிக்கு இது தேவையில்லை. கைப்பிடி, மூக்கு இவற்றைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை முதலில் நிரப்பிவிட்டுப் பிறகு முழுதும் சுற்றுங்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை கொடுங்கள். மூடியபின் குலுக்கிப் பாருங்கள், சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள். சுடாத பாண்டத்தை மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள்.