டீகேக் சாமான்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது?

கேள்வி: இங்கிலாந்து பாணி மசாலா டீகேக் (உலர்திராட்சை போட்ட இனிப்பு பன்) செய்யலாமென்று ‘மிக்ஸ்டு ஃப்ரூட்’ பாக்கெட் 200 கிராம் வாங்கினேன். பன் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் இறங்கிவிட்டது. பழம் என்று எழுதி ஏமாற்றுகிறார்களா? (பெரம்பூர் வாசகி)

பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வர வேண்டும். முதலில் சர்க்கரை, அடுத்து பப்பாளி என்று இருந்தால் நீங்கள் வாங்கியது டூட்டி ஃப்ரூட்டி, அதாவது பாகில் ஊறிய பப்பாளிக்காய். ‘செர்ரி’ என்று கிடப்பதும் பல சமயம் சாயமேற்றிய களாக்காய்தான். ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்) 102, 122, 127, 133 என்ற எண்கள் செயற்கை நிறமிகளைக் குறிக்கும். இதெல்லாம் அச்சிட்டிருந்தால் புகார் நிற்காது. பப்பாளியை மறைத்துச் செர்ரி, திராட்சை என்று மட்டும் போட்டிருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் போகலாம்.

டீகேக்குக்கு வேண்டியது உலர்திராட்சை மட்டுமே. ஆங்கிலக் குறிப்புகளில் ‘கரன்ட்’ என்று வருவது சின்னஞ்சிறு கறுப்பு உலர்திராட்சை. ‘பிளாக் கரன்ட்’ வேறு செடியின் பழம். பெயரைப் பார்த்து அதற்கு இரட்டை விலை கொடுக்காதீர்கள். விதையில்லாத கறுப்பு உலர்திராட்சையை இரண்டாக நறுக்கி, பாதிக்குப் பாதி மஞ்சள் உலர்திராட்சை கலந்தால் போதும். பாரிமுனை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் சில்லறையாக வாங்கினால் ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்து வாங்குங்கள், விதையுள்ளதும் அதே குவியலில் கலந்திருக்கும்.

கேள்வி: 500 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது. முதல் முறை பன் பஞ்சுபோல வந்தது. இரண்டு மாதம் கழித்துச் செய்தால் கல்லு. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். (வேளச்சேரி வாசகர்)

திறந்து இரண்டு மாதம் பயன்படுத்திய பொருளுக்குப் பணம் கேட்க முடியாது. வந்த அன்றே பார்த்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காற்று நீக்கிய ஈஸ்ட் பாக்கெட் செங்கல்போல விறைப்பாக இருக்கும். அழுத்தினால் நொறநொறவென்று நெகிழ்ந்தால் உறையில் ஓட்டை. அப்போதே படமெடுத்து அனுப்பினால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறையுள்ள சரக்கைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது.

வீட்டுக்கு 500 கிராம் அதிகம். ஒரு தடவைக்கு 5 கிராம் என்றால் நூறு தடவைக்கு வரும்! சென்னைக் காற்றின் ஈரத்தில் கிளிப் போட்டு அலமாரியில் வைத்தது பிழைக்காது. இறுக்கமான டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். இருப்பதைத் தூக்கிப் போடுமுன் சோதியுங்கள்: அரை கப் வெதுவெதுப்பான தண்ணீர், அரை டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிடத்தில் நுரை தொப்பி கட்டாவிட்டால் குப்பைக்குத்தான்.

நுரை வந்தும் பன் கல்லாக இருந்தால் தப்பு அளவில். பத்து டீகேக்குக்கு:

மைதா 500 கிராம், சர்க்கரை 50, உப்பு 8, ஈஸ்ட் 5, இளகிய வெண்ணெய் 50, பால் 270 முதல் 290 மில்லி, உலர்திராட்சை 120 கிராம். மசாலாவுக்குப் பட்டைத்தூள் 1 டீஸ்பூன், ஜாதிக்காய், சுக்கு கால் டீஸ்பூன் வீதம், கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை. மணம் தூக்கலாக வேண்டுமென்று பட்டையைக் கூட்டாதீர்கள். அதன் எண்ணெய் ஈஸ்ட்டை முடக்கிவிடும். கரம் மசாலா வேண்டவே வேண்டாம், பன்னில் குருமா வாசம் வரும்.

திராட்சையை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். ஊறாத திராட்சை மாவின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சொட்டச் சொட்டப் போட்டால் மாவு குழையும்.

ஆங்கிலக் குறிப்புகள் பாலை வெதுவெதுப்பாக்கச் சொல்வது அவர்கள் ஊர்க் குளிருக்கு. மே மாதச் சென்னையில் பாலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுங்கள். மாவு ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதா தூவுவதால்தான் பாதி வீடுகளில் பன் கல்லாகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடாமல் பிசைந்தால் ஒட்டுவது தானே நிற்கும். ஒரு துண்டை மெல்ல இழுத்தால் கிழியாமல் கண்ணாடிபோல விரிய வேண்டும். அதன் பிறகுதான் திராட்சை.

பிசைந்த மாவை மூடிப் பொங்கவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். வெயில் காலத்தில் 45 நிமிடத்திலேயே இரட்டிப்பாகிவிடும். மாவு தொட்ட விரலால் குத்தினால் குழி மெதுவாக, பாதியளவு மேலெழ வேண்டும். குழி அப்படியே அமுங்கிவிட்டால் மீறிப் பொங்கிவிட்டது. 100 கிராம் உருண்டைகளாக்கி, 10 செ.மீ. அகலத்துக்குத் தட்டி, வெளியே துருத்தும் திராட்சையை உள்ளே அமுக்குங்கள், இல்லையென்றால் கருகிக் கசக்கும். மறுபடி அரை மணி நேரம் பொங்கவிட்டு, மேலே பால் தடவி, 190 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். அடியில் தட்டினால் வெற்றொலி வர வேண்டும். ஆறியதும் குறுக்கே பிளந்து, தோசைக்கல்லில் வெண்ணெயோடு வாட்டிச் சாப்பிடுவதுதான் முறை.

கேள்வி: ‘பிரெட் மாவு’ மூன்று மடங்கு விலை. தேவையா? (அண்ணா நகர்)

பிரெட் மாவு என்பது புரதம் கூடிய மைதாதான். உங்கள் மைதாவின் சத்துப் பட்டியலில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 11 கிராம் இருந்தால் சாதா மைதாவே போதும். 9 என்றால் அரைக் கிலோவுக்கு 10 கிராம் குளூட்டன் பவுடர் (கோதுமைப் புரதத் தூள்) சேர்த்தால் குறை பெருமளவு தீரும்.

கேள்வி: ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின்சார அவன்) 16 லிட்டர் போதும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (அம்பத்தூர்)

லிட்டரை விடுங்கள், கடையிலேயே தட்டை வெளியே இழுத்து டேப்பால் அளங்கள். 10 செ.மீ. பன், இடையே 3 செ.மீ. இடைவெளி என்றால் சின்ன ஓடிஜியில் நான்கு வைப்பதே பெரும்பாடு. 28, 30 லிட்டரில் ஆறு வைக்கலாம், பத்தும் இரண்டு ஈடாக முடியும். அதற்கு முன் வீட்டு பிளக்கைப் பாருங்கள். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது சுமார் 1,380 வாட். அதற்கு மேற்பட்ட ஓடிஜிக்கு 16 ஆம்பியர் சாக்கெட் கட்டாயம். குமிழில் 190 என்று திருப்பினால் உள்ளே 165-ம் இருக்கும், 215-ம் இருக்கும். ரொட்டிசெரி கம்பிக்கு (இறைச்சியைச் சுழற்றி வாட்டும் கம்பி) கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஓர் அவன் தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

கேள்வி: வெண்ணெய்க்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று எம்.ஆர்.பி.க்கு மேல் 3 ரூபாய் கேட்கிறார்கள். (மந்தைவெளி)

கொடுக்க வேண்டியதில்லை. எல்லா வரியும் சேர்ந்ததுதான் அந்த விலை. அதற்கு மேல் குளிரூட்டக் காசு வாங்குவது எடையளவுச் சட்ட மீறல். பில்லில் அந்த 3 ரூபாயை எழுதச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். எழுதிக் கொடுத்தால் பில்லையும் உறையையும் படமெடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம். தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை, அங்கும் எழுதலாம்.