படுக்கையில் இருக்கும் அப்பாவைச் சேலத்தில் ஓர் இல்லத்தில் சேர்க்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேட்டிருப்பவர் பெங்களூரில் வேலை செய்கிறார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். சேலத்திலோ ஏற்காட்டிலோ ஓர் இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை. கவனிப்பும் பாதுகாப்பும் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது அவர் கேள்வி.

என் அம்மாவுக்கும் இதேதான். 74 வயதில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. அம்மாப்பேட்டை வீட்டில் ஏழு மாதம் நாங்களே பார்த்துக்கொண்டோம். அதற்கு மேல் முடியவில்லை. 2022 மே மாதம் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். அங்கே ஐந்து வாரம்தான் இருந்தார். அடுத்த இடத்தில் ஒன்றேகால் வருடம், கடைசி வரை. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதல் இடம் பார்க்க அவ்வளவு சுத்தம். பளபளவென்று கிரானைட் தரை, பினாயில் வாசனை, வாசலில் பிள்ளையார். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். நான் எப்போது போனாலும் அந்த டம்ளரில் தண்ணீர் நிறைந்திருக்கும். பரவாயில்லையே, கேட்காமலே நிரப்பி வைக்கிறார்களே என்று நினைத்தேன். நான்காவது வாரம்தான் கவனித்தேன். ஸ்டூல் அம்மாவின் இடப்பக்கம் இருந்தது. அந்தக் கையை அம்மாவால் அசைக்கவே முடியாது. வலப்பக்கம் சுவர். காலையில் நிரப்பிய தண்ணீர் சாயங்காலம் வரை அப்படியே இருந்திருக்கிறது. ஆளைக் கூப்பிடும் பெல்லும் அதே இடப்பக்கச் சுவரில்தான். அம்மாவின் நாக்கைப் பார்த்தேன், காய்ந்து வெடித்திருந்தது. சேலத்து மே மாத வெயிலில், மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில், ஒரு மாதமாக அவர் தாகத்தோடு இருந்திருக்கிறார்.

அதனால் வரவேற்பறையைப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே படுக்கையில் இருக்கும் ஒருவரின் கட்டிலருகே போய் நில்லுங்கள். தண்ணீர் அவர் கைக்கு எட்டுகிறதா, பெல் எட்டுகிறதா, பெல்லை அழுத்தினால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று பாருங்கள். உதடு, நாக்கு, நகம், காதோரம், கழுத்து மடிப்பு எல்லாம் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடும். அவரிடமும் அவர் வீட்டாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டே பாருங்கள், அது அவர் உடம்பு. உங்களைப் போலவே யாரையாவது பார்க்க வந்திருக்கும் மகனோ மகளோ வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். கூகுளில் இருக்கும் நட்சத்திரங்களை விட அது மேல்.

இதற்கு முன்பாகவே ஒரு விஷயம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அங்கே மாதக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். முதியோர் இல்லம் என்று பலகை வைத்திருக்கும் பல இடங்களில், தானாக எழுந்து நடமாடுகிறவர்களை மட்டுமே எடுப்பார்கள். ஆகவே போனிலேயே, "அப்பாவால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாது, டயப்பர் போடுகிறோம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். இரண்டாவது இடத்தில் என்னிடம் கேட்டவை: புண் இருக்கிறதா, தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறதா, யூரின் டியூப் எப்போது மாற்றியது, ராத்திரி தூங்குவாரா, என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிடிக்கும். முதல் இடத்தில் கேட்டது, எத்தனை மாத அட்வான்ஸ் கட்டுவீர்கள் என்று.

படுக்கைப்புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு இல்லத்தின் கவனிப்பு நன்றாக இருக்கிறதா என்பதை இது மாதிரி வேறு எதுவும் காட்டிக்கொடுக்காது. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது அடிமுதுகு, இடுப்பெலும்பு, குதிகால், கணுக்கால் பகுதிகளில் ரத்த ஓட்டம் நின்று தோல் சாக ஆரம்பிக்கும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் அந்த இடம் சிவக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது என்று சொல்வார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலை விடக் கறுத்திருக்கிறதா, சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அம்மாவுக்குக் குளிராது, ஆனால் முதல் இடத்தில் கால் உறை போட்டு வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றினேன். இடது குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குக் கரும்பழுப்பு வட்டம், நடுவில் தோல் வழன்று ஈரமாக இருந்தது. உறையோடு ஒட்டி வந்தது. அம்மா "விடு கண்ணு, வலிக்கல" என்றார். உணர்ச்சி இல்லாத கால், எப்படி வலிக்கும்? அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது.

காலை 10 மணிக்கு ஒரு முறை போங்கள். அதே நாள் ஒரு மணிக்கு மறுபடி போங்கள். அதே ஆள் அதே பக்கம் அதே மடிப்போடு படுத்திருந்தால் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஏர் பெட் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஏர் பெட் இருந்தாலும் திருப்பிப் போட்டே ஆக வேண்டும். கரண்ட் போனால் அதன் பம்ப் நின்றுவிடும், காற்று இறங்கினால் உடம்பு நேராகக் கட்டிலில்தான் கிடக்கும். பம்ப் மாட்டியிருக்கும் பிளக் பாயிண்டுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான்.

இரண்டாம் முறை போவது சாப்பாட்டு வேளையாக இருந்தால் இன்னும் நல்லது. பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். படுத்தபடியே ஊட்டினால் சாதமும் தண்ணீரும் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னச் சின்ன வாயாக ஊட்டி, முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது சாய்க்காமல் வைத்திருக்க வேண்டும். ஒரே ஆயா மூன்று பேர் வாயில் மாற்றி மாற்றி ஸ்பூனை வைப்பதைப் பார்த்தால், அவரைக் குறை சொல்லாதீர்கள். ஆள் போடாத நிர்வாகத்தின் தப்பு அது. ஆயாக்களிடம் தனியாகப் பேசுங்கள். இங்கே எத்தனை நாளாக வேலை செய்கிறீர்கள், ராத்திரி எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் எல்லோரும் புது முகமாக மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் யாருக்கும் எந்தப் பெரியவரின் பழக்கமும் தெரிந்திருக்காது.

மாதம் ஒரு முறை எடை பார்க்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். ஒரே மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தால் அது சாதாரணம் இல்லை, டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். 50 கிலோ ஆளுக்கு அது இரண்டரைக் கிலோதான், கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது.

அப்புறம் மருந்துச் சீட்டு. ஒவ்வொரு வேளை மருந்து கொடுத்ததும் டிக் போட்டுக் கையெழுத்து வைக்கும் தாள் ஒன்று இருக்க வேண்டும். முதல் இடத்தில் அம்மாவின் தாளைச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணி மாத்திரைக்கும் டிக் விழுந்திருந்தது. அதே பேனா, அதே கை. உங்கள் அப்பாவுக்குச் சுகர் இருந்து இன்சுலின் போடுகிறீர்கள் என்றால் இது உயிர் விஷயம். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சுகர் 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். பேச முடியாதவர் தலை சுற்றுகிறது, வேர்க்கிறது என்று சொல்ல மாட்டார். ராத்திரி இரண்டு மணிக்குச் சுகர் பார்க்கத் தெரிந்த ஆள் யார், மிஷின் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எடுத்துக் காட்ட வேண்டும்.

பகல் 11 மணிக்கு அறையில் எல்லோரும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். தூக்க மாத்திரை எழுதியிருக்கிறதா, எந்த டாக்டர் எழுதினார் என்று கேட்பேன். கையைக் கட்டிலோடு கட்டுவதும் உண்டு. "டியூப்பைப் பிடுங்கிடுவாரு, அதான்" என்பார்கள். மணிக்கட்டில் தடம் இருக்கிறதா பாருங்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. ராத்திரி வாசலைப் பூட்டினால் சாவி யாரிடம், எத்தனை வழி இருக்கிறது, படுக்கையில் இருப்பவர்கள் மாடியிலா கீழேயா என்பதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். தரைத்தளத்தில் இடம் கிடைத்தால் காத்திருந்தாவது அதையே வாங்குங்கள்.

ஏற்காட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நடமாடுகிறவர்களுக்கு அது நல்ல இடம், சந்தேகமில்லை. படுக்கையில் இருப்பவருக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான், ஆனால் அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. மேலே அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பக்கவாதம் திரும்ப வந்தால் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு ராத்திரியில், பனிமூட்டத்தில், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை வரை இறங்கி வர வேண்டும். மழைக்காலத்தில் ஏற்காட்டில் துணி காயாது. நனைந்த விரிப்பை மாற்ற மாற்றுத் துணி இல்லை என்றால் அந்தக் குளிரில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்னொன்று, பெங்களூரிலிருந்து வரும் நீங்கள் மலையும் ஏற வேண்டும் என்றால் மாதம் இரண்டு முறை வருவது ஒரு முறையாகும். அடிக்கடி ஆள் வந்து போகும் பெரியவரைத்தான் எங்கேயும் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் நான் கண்டது அது. சேலத்திலேயே கன்னங்குறிச்சி, கோரிமேடு பக்கம் பாருங்கள்.

காகித வேலை: பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். சிகிச்சையும் கொடுப்பதாகச் சொன்னால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்கும் பதிவு வேண்டும். சேர்த்த பிறகு பிரச்சினை வந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். நான் அப்போது எதையும் செய்யவில்லை. புண்ணைப் பார்த்ததும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் போதும் என்று இருந்தது. அங்கே இன்னும் பன்னிரண்டு பேர் படுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. ஒரு மனுவாவது எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது இடத்தில் தரை சிமெண்ட்தான், பெயிண்ட் உரிந்திருந்தது. முதல் நாள் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்ததும் அங்கிருந்த ஆயா, "பாட்டிம்மா, எந்தக் கை வரும்?" என்று கேட்டார். அம்மா வலது கையைத் தூக்கிக் காட்டினார். உடனே இன்னொருவரைக் கூப்பிட்டுக் கட்டிலையே தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டு, வலப்பக்கம் ஸ்டூலை வைத்து, டம்ளரை வைத்து, பெல் ஒயரைத் தலையணை ஓரமாக முடிந்துவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் அப்பாவுக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று நீங்கள் எழுதவில்லை. சேர்க்கும் அன்று கட்டில் எந்தச் சுவரோரம் போடுகிறார்கள் என்று கூடவே நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.