அப்பாவுக்குக் குடல் புற்றுநோய் வந்தது. நான் கடல்பாசி மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. ஊர் இராமநாதபுரம் பக்கம். அப்பாவுக்கு 48 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். பழுப்புக் கடல்பாசியில் உள்ள ஃபியூகோசாந்தின் என்ற நிறமி குடல் புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவர் மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார். சாப்பிடலாமா? தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுக்கும் என் தங்கைக்கும் (34 வயது) கொடுக்கலாமா? எங்கள் கடலிலேயே பாசி கிடைக்கிறதே, அதைச் சமைத்துச் சாப்பிட்டால் போதாதா?

பதில்: மாத்திரை டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, குடல் மருத்துவரிடம் கொலனாஸ்கோபிக்கு (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தேதி வாங்குங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, எது முதலில் வருகிறதோ அப்போது பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். அப்பாவுக்கு 48; பத்தைக் கழித்தால் 38. அதாவது உங்கள் முறை இந்த வருடமே வந்துவிட்டது.

சரி, நிறமிக்கு வருவோம். உங்களுக்குச் சொன்னவர் கதை விடவில்லை. பழுப்புப் பாசிக்கு அந்த நிறம் வரக் காரணமே ஃபியூகோசாந்தின்தான். ஜப்பானியர்கள் சூப்பில் போடும் வகாமே பாசியைக் கொதிநீரில் போட்டதும், பழுப்பு மறைந்து பளிச்சென்று பச்சையாகிவிடும். புரதத்தோடு பிணைந்திருந்த நிறமி சூட்டில் பிரிந்துவிட, அதுவரை மறைந்திருந்த பச்சையம் வெளியே தெரிகிறது. நிறமி எங்கும் போய்விடவில்லை, அதன் நிறம்தான் மாறுகிறது.

குடல் புற்றுநோய் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து இந்த நிறமியைச் சேர்த்தால் அவை தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். ரசாயனம் கொடுத்துக் குடலில் புற்று வரவைத்த எலிகளிலும் ஆரம்பக்கட்ட மாற்றங்கள் குறைந்தன. ஆக, விஷயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். அந்தத் தட்டில் சேர்த்தது லிட்டருக்கு 22.6 மைக்ரோமோல். மனிதர்களுக்குத் தினம் 6.1 மில்லிகிராம் நிறமி உள்ள வகாமேயை ஒரு வாரம் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், ரத்தத்தில் தேறியது லிட்டருக்கு 0.8 நானோமோல் (ஆயிரம் நானோமோல் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோமோல்). அதுவும் நிறமியாக அல்ல, குடலில் அது மாறி உருவாகும் ஃபியூகோசாந்தினால் என்ற பொருளாக. இரண்டுக்கும் இடையே சுமார் 28,000 மடங்கு வித்தியாசம். ரத்தத்தில் சேராத மிச்சம் பெருங்குடல் வழியாகத்தானே போகிறது, அங்கே சுவரை நேராகத் தொடுமே என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான்; ஆய்வாளர்கள் இதை விடாமல் பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நியாயமான ஊகத்தை நம்பி வருடக்கணக்கில் மாத்திரை விழுங்க முடியாது.

இதே நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்த, கேரட் போன்ற காய்கறிகளில் உள்ள பீட்டா கரோட்டினுக்கு என்ன ஆனது என்பதை மாத்திரை விற்பவர்கள் சொல்வதில்லை. காய்கறி நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பார்த்து, பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களைச் சேர்த்துச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! காய்கறியில் இருக்கும்போது நல்லபிள்ளையாக இருந்த நிறமிதான் அது.

இன்னொன்று: தலைமுறை தலைமுறையாகக் கடல்பாசி தின்னும் ஜப்பானில் இன்று மிக அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய், பெருங்குடல் மலக்குடல் புற்றுநோய்தான். இதை வைத்துப் பாசியால் பயனில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மது, இறைச்சி, உடல் எடை, மக்களின் வயது என்று பல காரணங்கள் கலந்திருக்கின்றன. ஆனால் பாசி தின்றால் குடலுக்குக் கவசம் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

உங்கள் கடற்கரைப் பாசிக்கு வருகிறேன். மண்டபம் பக்கம் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி சிவப்புப் பாசி இனம். அகர் அகர் எடுக்கப் போகிறது. அந்த அகர் அகரில் நோன்புக்குச் செய்யும் கடல்பாசியில் ஃபியூகோசாந்தினைத் தேடாதீர்கள், அதில் இல்லை. நிறமி உள்ளவை பழுப்புப் பாசிகளான கட்டக்கோரையும் பக்கோடா பாசியும். அவை ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் எடுக்கும் ஆலைகளுக்குப் போகும் சரக்கு, அடுப்படிக்கு வருபவை அல்ல. கட்டக்கோரையின் இனத்தைச் சேர்ந்த ஹிஜிகி என்ற ஜப்பானியப் பாசியில் ஆர்சனிக் அதிகம் என்பதால், அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத் தர அமைப்பு 2004-இலேயே எச்சரித்தது. பரிசோதிக்காத பாசியைக் கரையில் அள்ளி வந்து தினமும் குழம்பு வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். எப்போதாவது கடல்பாசி செய்து சாப்பிடுவதில் ஒன்றும் இல்லை.

தங்கைக்கு அந்த மாத்திரை கண்டிப்பாக வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். பழுப்புப் பாசி வகைகள் சிலவற்றில் ஒரு கிராமிலேயே அதைப்போலப் பல மடங்கு இருக்கும். பாசிச் சாறு மாத்திரையில் எவ்வளவு அயோடின் என்று லேபிளில் பெரும்பாலும் போட்டிருக்காது. அவருடைய தைராய்டு அளவு தாறுமாறாகிவிடலாம்.

கொலனாஸ்கோபியைப் பற்றிப் பயம் வேண்டாம். முதல் நாள் பேதி மருந்து குடிப்பதுதான் சிரமம். மறுநாள் மயக்க ஊசி போட்டுச் செய்வார்கள். இது வெறும் பார்க்கும் சோதனை அல்ல. புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சியில் தொடங்கிப் பல ஆண்டுகள் எடுத்து வளர்கிறது. கண்ணில் பட்டதும் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். அப்படிப் பாலிப் எடுக்கப்பட்டவர்களிடம் புற்றுநோய் 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்ததாக 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. எதுவும் இல்லையென்றாலும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும். இடையில் மலத்தில் ரத்தம் தெரிந்தால் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டி, நாட்டு மருந்துக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

அப்புறம், அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். 50 வயதுக்குள் வந்த நோய் என்பதால், லின்ச் சின்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை செய்தார்களா என மருத்துவரிடம் கேளுங்கள். செய்யவில்லை என்றால், ஆஸ்பத்திரி பாதுகாத்து வைத்திருக்கும் திசுவிலேயே இப்போதும் செய்யலாம். அது உறுதியானால் கணக்கே வேறு: கொலனாஸ்கோபி ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை, தங்கைக்கும் 38 வரை காத்திருக்காமல் உடனே. தடுப்பு மாத்திரை என்ற பேச்சுக்கும் அப்போதுதான் இடம் உண்டு. லின்ச் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தருவது மனிதர்களிடம் முறையாகச் சோதித்துத் தெரிந்த விஷயம். அதையும் மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.